கீறல் ஓவியமான கதை

ஓவியன் ஒரு பரப்பின் மேல் எதையோ சேர்க்கிறான். சிற்பி ஒரு பருப்பொருளிலிருந்து எதையோ நீக்குகிறான். கலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது பொதுவாக இப்படிப் பிரித்துக்கொள்வது வழக்கம். இந்த இரண்டு அறைகளிலும் அடங்காத ஒரு கலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. வெறும் உலோகத் தகடு ஒன்றை எடுத்து, சுழலும் சாணைத் தட்டால் அதன்மேல் கோடுகளையும் சுழிகளையும் தேய்த்து, அப்படியே சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அதில் வண்ணம் இல்லை, உருவம் இல்லை. தகட்டிலிருந்து நீங்கியது ஒரு பிடித் தூள் கூட இராது. ஆயினும் அதன் முன்னால் நடந்து செல்பவரின் கண்ணில் ஒளி அலையடிக்கிறது. தகட்டுக்குள் பள்ளங்களும் மடிப்புகளும் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கையால் தொட்டுப் பார்த்தாலோ அது சமதளம்.

இரும்புப் பட்டறைகளில் நாள்தோறும் எண்ணற்ற கீறல்கள் விழுகின்றன. அவற்றை யாரும் ஓவியம் என்று சொல்வதில்லை. அப்படியிருக்க, ஒரு கீறல் எப்போது, யார் கையில் ஓவியமாயிற்று? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் தொழில்நுட்ப வரலாற்றில் தொடங்கி, ஒரு படைப்பின் மேற்பரப்பு யாருக்குச் சொந்தம் என்ற கசப்பான சர்ச்சையில் போய் நிற்கிறோம். இக்கட்டுரை அந்த வழியைத்தான் தொடர முயல்கிறது.

ஒளி வரைவது

முதலில் அடிப்படையான ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் மூடி ஒன்றை விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். மையத்திலிருந்து இருபுறமும் விரிந்த விசிறிபோல ஓர் ஒளிப்பட்டை தெரியும். இப்போது மூடியை அதன் மையத்திலேயே சக்கரம்போலச் சுழற்றுங்கள். மூடி சுழலும், விசிறி சுழலாது, நின்ற இடத்திலேயே நிற்கும். மூடியை அசைக்காமல் உங்கள் தலையை நகர்த்துங்கள். விசிறி உடனே இடம் மாறும். அந்த விசிறி மூடியில் வரையப்பட்டதன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

மூடியை மெருகிடும்போது அதன் மேல் நுண்ணிய வட்டக் கீறல்கள் விழுகின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டிக் கால்வாய். அதன் உட்புறம் வளைந்த கண்ணாடிபோல வேலை செய்து, தன்மேல் விழும் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்காகப் பரப்பிவிடுகிறது. ஆகவே விளக்குக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட திசைக்குக் குறுக்காக எந்தக் கீறல்கள் அமைந்திருக்கின்றனவோ அவை பளீரென்று ஒளிர்கின்றன; மற்றவை மங்கிப்போகின்றன. வட்டக் கீறல்களில் அப்படிக் குறுக்காக அமையும் புள்ளிகள் மையத்தின் இருபுறமும் ஒரே கோட்டில் வருவதால் விசிறி உருவாகிறது.

தேய்த்த தகட்டுக் கலையின் இலக்கணம் முழுவதும் இந்த மூடியில் இருக்கிறது. கீறலின் திசைதான் இங்கே நிறம். திசையை மாற்றினால் ஒளியும் நிழலும் மாறும். பார்ப்பவர் நிற்கும் இடத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் அந்தப் படம் முழுமையடைவதில்லை. வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் ஒளிரும் புள்ளிகள் சற்றே வேறு வேறு இடங்களில் அமைவதால், மூளை அதை ஆழம் என்று புரிந்துகொள்கிறது. தட்டையான தகட்டுக்குள் பள்ளம் தெரிவதன் காரணம் இதுதான். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பீட்டி 1995இல் இந்த உண்மையை மிக எளிய முறையில் செய்து காட்டினார். இரண்டு முனையும் கூரான கவராயத்தால் பிளாஸ்டிக் தகட்டில் வில்வடிவக் கீறல்களை வரிசையாக இழுத்தால், வெயிலில் அதனுள் ஓர் எழுத்தோ கனசதுரமோ மிதப்பதுபோலக் காட்டலாம். கார் ஒன்றின் மேற்பரப்பில் இருந்த கீறல்களைக் கவனித்ததே அவருக்குத் தூண்டுதலாக அமைந்தது.

பட்டறையின் அணிகலன்

இந்த ஒளி விளையாட்டைக் கைவினைஞர்கள் வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, தங்கத்திலும் வெள்ளியிலும் பின்னல் பின்னலாக நுண்கோடுகள் செதுக்கும் கலை ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகள் பழமையானது. புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஆபிரகாம் லூயி பிரெகே 1786 அளவில் அதைக் கடிகார முகப்புகளுக்குக் கொண்டுவந்தார். அவர் நோக்கம் அலங்காரம் மட்டும் அன்று. கோடுகளால் ஒளியின் கூச்சம் தணிந்தது. முள்ளும் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. இன்றும் பணத்தாள்களில் நாம் காணும் பின்னிய கோட்டுக் கோலங்கள் இதே மரபின் வழித்தோன்றல்களே. அங்கே அவற்றின் வேலை கள்ளநோட்டைத் தடுப்பது.

கடிகாரத்தின் உள்ளே, யாரும் பார்க்காத தகடுகளில் கூட ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு வட்டங்களைத் தேய்த்து வைக்கும் வழக்கம் உண்டு. துப்பாக்கி செய்பவர்கள் அதே வட்டங்களைத் துப்பாக்கியின் அடைப்புத் தண்டில் இட்டார்கள். கீறல்களில் எண்ணெய் தங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 1920களில் புகாட்டி கார்களின் இயந்திரப் பகுதியிலும், 1930களில் அமெரிக்கக் கார்டு கார்களின் முன்பலகையிலும் இந்த வட்ட மெருகு இடம்பெற்றது.

இவற்றுள் உலகமே கண்ட ஒன்று 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்த சார்லஸ் லிண்ட்பெர்கின் விமானம். சான் டியாகோ நகரின் ரயன் நிறுவனம் அதைக் கட்டியது. அதன் மூக்குப் பகுதியை மூடிய அலுமினியத் தகடுகள் முழுவதும் மீன்செதில்போல வட்டங்கள் தேய்க்கப்பட்டிருக்கின்றன. வாஷிங்டனின் விமான அருங்காட்சியகத்தில் அந்த விமானத்தை இன்றும் காணலாம். கையால் தட்டி வளைத்த தகட்டில் சிறுசிறு நெளிவுகள் எப்படியும் இருக்கும். முழுக்கப் பளபளப்பாக்கினால் அவை உடனே கண்ணில் படும். நூற்றுக்கணக்கான வட்டங்கள் ஒளியைச் சிதறடித்து அந்தக் குறைகளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன.

இந்த எடுத்துக்காட்டுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு கூறு உண்டு. எங்கும் கீறல் வேறொன்றுக்குப் பணிவிடை செய்கிறது. கடிகாரத்தைப் படிக்க, எண்ணெயைப் பிடித்துவைக்க, நெளிவை மறைக்க, செல்வத்தைக் காட்டிக்கொள்ள என அதற்கு ஒரு வேலை இருக்கிறது. விமானத்தின் மூக்கைக் கழற்றிச் சுவரில் மாட்டி, ‘இதுவே படைப்பு’ என்று சொல்லும் துணிவு அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் துணிவுக்கு முன்பாகப் பொருளும் கருவியும் மலிய வேண்டியிருந்தது. 1886இல் மின்பகுப்பு முறை கண்டறியப்படும்வரை அலுமினியம் விலையுயர்ந்த அரிய உலோகமாகவே இருந்தது. துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல். அதிலுள்ள குரோமியம் காற்றுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிறது. கீறினாலும் கீறிய இடத்தில் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். சாதாரண இரும்பில் இட்ட கீறலை ஒரு மழைக்காலம் துருவால் மூடிவிடும். இந்த எஃகிலோ அது நிலைத்து நிற்கும். கீறலைக் கலையாக்குவதற்கு இந்த நிலைப்பேறு இன்றியமையாதது. மூன்றாவதாக, கையில் பிடித்து இயக்கக்கூடிய வேகமான சாணைப்பொறி வேண்டும். ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் 1954இல் அதிவேகக் கைச்சாணையை வெளியிட்டது. ஜெர்மன் மொழியில் அந்தப் பெயரே ‘சாணையிடு’ என்னும் வினைச்சொல்லாக மாறிவிட்டது என்றால் அதன் பரவலை ஊகித்துக்கொள்ளலாம்.

டேவிட் ஸ்மித்: பட்டறையிலிருந்து வந்த ஓவியர்

அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1906இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். 1925இல் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை செய்தபோது உலோகத்தைக் கையாளப் பழகினார். பின்னர் நியூயார்க்கில் ஓவியம் பயின்றார். பிக்காசோவும் கொன்சாலெஸும் பற்றவைத்துச் செய்த இரும்புச் சிற்பங்களின் படங்களை ஒரு பிரெஞ்சு இதழில் பார்த்தது அவருக்கு வழி திறந்துவிட்டது. தொழிற்சாலையில் கற்ற வேலையே கலையாகலாம் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது ஷெனெக்டடியின் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் பற்றவைப்பாளராக இருந்தார். அங்கே போர் டாங்கிகளும் உருவாயின. போல்ட்டன் லேண்டிங் என்ற மலைப்பகுதிக் கிராமத்தில் அவர் அமைத்துக்கொண்ட கூடம் ஒரு சிற்பியின் கூடத்தைவிட இரும்புப் பட்டறையையே பெரிதும் ஒத்திருந்தது.

ஸ்மித் தம்மை ஓவியர்களின் மரபைச் சேர்ந்தவராகவே கருதிவந்தார் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தம் சிற்பங்கள் பலவற்றுக்கு அவர் வண்ணம் பூசினார். 1950இல் செய்த சிவப்பு வண்ணச் சிற்பம் ஒன்றை வாங்கியவர்கள் அதன் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்பதை அறிந்தபோது, 1960இல் கலை இதழ்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சிற்பம் தம் படைப்பே இல்லை என்றும், இனி அதற்குப் பழைய இரும்பின் எடைக்குரிய மதிப்பு மட்டுமே உண்டு என்றும் அறிவித்தார். வடிவம் மாறவில்லை, ஒரு துண்டு கூடக் குறையவில்லை. நீங்கியது பூச்சு மட்டுமே. அதற்காக ஒரு சிற்பி தம் பிள்ளையைத் தம் பிள்ளையில்லை என்கிறார்! மேற்பரப்பு என்பது அவருக்கு எதுவாக இருந்தது என்பதை இந்தச் சம்பவத்தைவிடத் தெளிவாக எதுவும் சொல்லிவிட முடியாது.

1961 முதல் 1965 வரை அவர் செய்த ‘க்யூபி’ வரிசையில் 28 சிற்பங்கள் உள்ளன. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் பெட்டிகளாகவும் உருளைகளாகவும் பற்றவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, விழுந்துவிடும் போன்ற நிலையில் அடுக்கினார். பல சிற்பங்கள் ஆள் உயரத்தைக் கடந்து மூன்று மீட்டர் அளவுக்கு எழுபவை. காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கிப் பார்த்து அவற்றின் அமைப்பைத் தீர்மானிப்பது அவர் வழக்கம். பெட்டி அடுக்குவது எளிது. அவற்றை உயிர்ப்பிப்பதுதான் வேலை. பற்றவைத்த தழும்புகளைத் தேய்த்துச் சமப்படுத்துவது எல்லாப் பட்டறைகளிலும் நடப்பது. ஸ்மித் அத்துடன் நிற்கவில்லை. சாணைத் தட்டை வைத்து, தழும்பே இல்லாத பரப்புகளின் மேலும் சுழித்துச் சுழித்துத் தேய்த்தார். ஓவியர்கள் அகன்ற தூரிகையால் துணியின்மேல் இழுக்கும் வீச்சைப்போல அந்தக் கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன.

கீறலின் வரலாற்றில் ஒரு திருப்பம் இங்கே நிகழ்கிறது. தழும்பை மறைக்கும் வேலை முடிந்த பிறகும் தேய்ப்பது தொடர்கிறது. அந்தத் தேய்ப்புக்கு இனி எந்தப் பயனும் இல்லை. பயன் தீர்ந்த பிறகு எஞ்சிய கை அசைவுதான் ஓவியமாகிறது. இந்தச் சிற்பங்களைத் திறந்தவெளிக்காகவே செய்ததாக ஸ்மித் கூறியிருக்கிறார். பகலில் வானின் நீலத்தையும் மாலையில் பொன்னிறத்தையும் அவை வாங்கிக்கொள்ளும். தம் வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளியில் வரிசையாக அவற்றை நிறுத்தி, பனியிலும் வெயிலிலும் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு தூரிகையால் பூசிய வண்ணத்தை இப்போது வானம் பூசியது.

சுவருக்கு வந்த தகடு

ஸ்மித்தின் கீறல்கள் சிற்பத்தின் உடலில் இருந்தன. அவற்றைச் சுவருக்குக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர்கள். அவர்களின் மனநிலையும் வேறு.

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 1957இல் ஹைன்ஸ் மாக், ஓட்டோ பீனெ என்ற இரு இளைஞர்கள் தங்கள் கூடத்தில் ஒருநாள் மாலைக் கண்காட்சிகளை நடத்தத் தொடங்கினர். ‘ஜீரோ’ என்று அவர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயரிட்டார்கள். பீனெ சிறுவனாக இருந்தபோதே விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டவர். குண்டுவீச்சில் இடிந்த நாட்டில் வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு, துயரத்தைத் தடித்த வண்ணக்குழம்பாக அப்பிக்காட்டிய முந்தைய ஓவிய முறையில் சலிப்பு வந்திருந்தது. எண்ணிக்கை மீண்டும் தொடங்கும் புள்ளிதான் அவர்களின் பூச்சியம். 1958இல் மாக், தரையில் கிடந்த நார்விரிப்பின் மேல் இருந்த மெல்லிய உலோகத்தாளைத் தற்செயலாக மிதித்துவிட்டார். எடுத்துப் பார்த்தபோது விரிப்பின் பின்னல் தாளில் பதிந்து, அதன்மேல் ஒளி நடுங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்தவை அவருடைய ‘ஒளிப் புடைப்புகள்’. இவை சாணையிட்டவை அல்ல, அழுத்திப் பதித்தவை. எனினும் வண்ணமில்லாத உலோகத் தகட்டை ஓவியத்தின் இடத்தில் மாட்டலாம் என்பதை அவை நிலைநாட்டின.

இத்தாலியின் ஊதினே நகரில் 1939இல் பிறந்த ஜெட்டூலியோ அல்வியானி இதன் அடுத்த படியை எடுத்துவைத்தார். இளமையில் தொழிற்சாலைச் சூழலில் வேலை செய்தபோது, மெருகேற்றக் காத்திருந்த அலுமினியப் பரப்புகள் ஒளியில் நடந்துகொள்ளும் விதம் அவரைக் கவர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் ‘அதிரும் நெசவுப் பரப்புகள்’ என்று பொருள்படும் தலைப்பில் சுவர்த் தகடுகளை உருவாக்கத் தொடங்கினார். அவற்றின் அமைப்பு மிக எளிமையானது. அலுமினியப் பரப்பைச் சதுரங்களாகவும் பட்டைகளாகவும் பிரித்து, ஒரு கட்டத்தில் இயந்திரத்தால் நெடுக்காகவும் அடுத்த கட்டத்தில் குறுக்காகவும் நுண்கோடுகளை இழுக்க வேண்டும். உலோகம் ஒன்றே, நிறம் ஒன்றே. ஆனால் ஓர் இடத்திலிருந்து பார்க்கும்போது வெள்ளிபோல ஒளிரும் சதுரம், நாம் இரண்டு அடி நகர்ந்ததும் கரிபோல இருண்டுவிடுகிறது. அதன் பக்கத்துச் சதுரம் விழித்துக்கொள்கிறது. எவர்சில்வர் மூடியின் விசிறியை ஒருவர் எழுத்துக்களாகப் பிரித்து, அவற்றைக் கொண்டு வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொண்டதுபோல இருக்கிறது இது.

ஸ்மித்தின் கீறலில் ஓர் ஆளின் தோளும் மணிக்கட்டும் தெரிகின்றன. அல்வியானியின் கோடுகளில் கை தெரிவதே இல்லை. அவர் விரும்பியதும் அதுவே. படைப்பவரின் உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை. பார்ப்பவரின் நகர்வுக்கே இடம். இதே காலத்தில், 1962இல், உம்பர்த்தோ எக்கோ ‘திறந்த படைப்பு’ பற்றிய தம் நூலை வெளியிட்டார் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். வாசகர் பங்கேற்று நிறைவு செய்யும்படி ஆசிரியர் வேண்டுமென்றே திறந்துவைத்த ஆக்கங்களைப் பற்றிய அவருடைய கோட்பாடு அது. அதே ஆண்டில் மிலான் நகரில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ‘நிரலமைத்த கலை’ கண்காட்சிக்கு அறிமுகக் கட்டுரை எழுதியவரும் அவரே. வாசகர் பங்கேற்பு என்பது இலக்கியத்தில் விவாதத்துக்குரிய கோட்பாடு. அல்வியானியின் தகட்டிலோ அது கண்ணெதிரே நடக்கும் நிகழ்வு. நாம் நின்றால் படம் நிற்கிறது, நடந்தால் நடக்கிறது.

1964இல் வெனிஸ் கண்காட்சியில் அல்வியானி இடம்பெற்றார். 1965 பிப்ரவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய ‘எதிர்வினையாற்றும் கண்’ என்ற பெரும் கண்காட்சியிலும் அவருடைய படைப்பு இருந்தது. பொதுமக்கள் திரண்டு வந்தார்கள். விமர்சகர்கள் பலர் அதைக் கண்கட்டு வித்தை என்று ஒதுக்கினார்கள். சில மாதங்களுக்குள் அந்தக் கோலங்கள் துணிக்கடைகளுக்கும் விளம்பரங்களுக்கும் போய்ச் சேர்ந்ததால், விமர்சகர்கள் சொன்னதே சரி என்ற எண்ணமும் பரவியது.

அதே ஆண்டு மே 23ஆம் நாள், தம் 59ஆம் வயதில், டேவிட் ஸ்மித் லாரி விபத்தில் இறந்தார். க்யூபி வரிசை 28ஆம் எண்ணோடு நின்றுபோனது. அந்தக் கடைசிச் சிற்பம் 2005 நவம்பரில் 2.38 கோடி டாலருக்கு ஏலம் போய், சமகாலக் கலைப்படைப்பு ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்த விலைகளையெல்லாம் விஞ்சியது.

கையை அழித்தவர்கள்

வரலாறு ஒரே திசையில் ஓடுவதில்லை. ஸ்மித்துக்குப் பின்வந்த அமெரிக்கத் தலைமுறை கையின் சுவடையே வெறுத்தது. டொனால்ட் ஜட் 1964 முதல் தம் பெட்டிகளைத் தகட்டு வேலைப் பட்டறைகளில் கொடுத்துச் செய்துவாங்கினார். டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஃபாவில் 1982 முதல் 1986 வரை அவர் நிறுவிய நூறு அலுமினியப் பெட்டிகளில் மேற்பரப்பு, ஆலையிலிருந்து வந்த தகட்டின் பரப்பே. அங்கே ஒரு கீறல் விழுந்தால் அது சேதம்.

ஸ்மித்தின் எஃகில் கீறலே படைப்பு. ஜட்டின் அலுமினியத்தில் கீறல் படைப்பின் அழிவு. இரண்டும் உலோகம், இரண்டும் பெட்டி, இரண்டும் அமெரிக்கா, இடைவெளி இருபதே ஆண்டுகள். ஆயினும் இருவரும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகிறார்கள். மேற்பரப்பு என்பது வேலை முடிந்தபின் போர்த்தும் ஆடையன்று என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

இந்த உண்மையை அந்தக் காலத்தின் மிகப்பெரிய விமர்சகரே மதிக்கத் தவறினார் என்பதுதான் இவ்வரலாற்றின் வேதனையான பகுதி. ஸ்மித்தின் மறைவுக்குப் பின் அவருடைய படைப்புச் சொத்துக்களைப் பராமரிக்கும் பொறுப்பு மூவரிடம் வந்தது. அவர்களுள் ஒருவர் கிளெமென்ட் கிரீன்பெர்க். ஸ்மித்தை அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பியாக உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். ஆனால் ஸ்மித்தின் வண்ணப்பூச்சுகள் அவருக்கு உவப்பானவையாக இல்லை. போல்ட்டன் லேண்டிங்கின் புல்வெளியில் வெள்ளைப் பூச்சுடன் நின்றிருந்த சில சிற்பங்களின் பூச்சு நீக்கப்பட்டது. வேறு சில, வெயிலிலும் மழையிலும் பூச்சு உரிந்துபோகும்படி விடப்பட்டன. 1974இல் ரோசலிண்ட் கிராவுஸ் புகைப்படச் சான்றுகளுடன் இதை ஒரு கலை இதழில் வெளிப்படுத்தினார். கலையுலகம் அதிர்ந்தது.

கிரீன்பெர்க் தரப்பில் சொல்லப்பட்டதை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. வெள்ளை என்பது அடிப்பூச்சு. அதன்மேல் ஸ்மித் வேறு வண்ணம் பூசியிருக்கலாம். ஆகவே அவை முடிவுறாத படைப்புகள். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முடிவுறாத கவிதையிலிருந்து கவிஞர் இறந்தபின் ஒரு சொல்லை எடுத்துவிடும் உரிமை பதிப்பாளருக்கு உண்டா? 1960இலேயே தம் சிற்பத்தின் பூச்சு போனதற்காக அதைத் தம்முடையதே இல்லை என்று எழுதிய ஒருவரின் படைப்புகள் இவை. அந்தக் கடிதத்துக்குப் பிறகும் மேற்பரப்பை வடிவத்திலிருந்து பிரித்தெடுக்கலாம் என்று நினைத்தது, ரசனையைப் படைப்புக்கு மேலாக வைத்த செயல் என்றே கொள்ள வேண்டும். விமர்சகருக்குத் தம் கருத்தை எழுத முழு உரிமை உண்டு. சுரண்டும் கருவி அவர் கைக்குப் போகக்கூடாது.

இன்றைய சுவர்

இன்று தேய்த்த தகட்டு ஓவியம் பெருங்கலைஞர்களின் தனியுடைமையாக இல்லை. வீட்டுப் பட்டறையில் கைச்சாணை வைத்திருக்கும் எத்தனையோ பேர் உலகெங்கும் இதைச் செய்கிறார்கள். வீட்டுக் கூடங்களுக்கும் விடுதிகளின் முன்னறைகளுக்கும் விற்கிறார்கள். பெரும்பாலும் அலுமினியத் தகடுதான். கோலத்தைத் தேய்த்தபின் ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணத்தைப் பூசி, மேலே நிறமற்ற பூச்சு ஒன்றைக் கொடுக்கிறார்கள். வண்ணத்துக்கு அடியில் கீறல்கள் ஒளிரும்போது தகடு நீர்ப்பரப்புபோலத் தோன்றுகிறது.

எளிய வேலைபோலத் தெரிந்தாலும் பொருளின் குணம் அறியாதவர்களை அது தண்டித்துவிடும். அலுமினியம் மென்மையானது, சாணைத் தட்டின் துகள்களுக்கிடையே அப்பிக்கொண்டு அதை மழுங்கச் செய்யும். அதன் நுண்தூள் காற்றில் கலந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். இரும்பைத் தேய்த்த பொறிகள் அந்தத் தூளில் விழுவது மிக ஆபத்தானது. துருப்பிடிக்காத எஃகில் வேறு சிக்கல். சாதாரண எஃகோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சூட்டில் விரிவதோ அதிகம். ஓர் இடத்திலேயே தட்டை அழுத்தி நிறுத்தினால் மெல்லிய தகடு நெளிந்துபோகும், நீலம் பாரித்துவிடும். முன்பு இரும்பைத் தேய்த்த தட்டால் அதைத் தேய்த்தால், ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்கள் துருவாகி வெளிவரும். கை எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பட்டறையின் முதல் பாடம். ஸ்மித்தின் சுழிகளில் நாம் காணும் துடிப்புக்கு இந்த நிர்ப்பந்தமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இந்த அலங்காரத் தகடுகளில் பல ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். சுழலும் தட்டு ஒரு சுழியைத் தானாகவே தந்துவிடும். ஒளி அதைத் தானாகவே அழகாக்கிவிடும். ஒரு கீறல் பளபளப்பதாலேயே ஓவியமாகிவிடாது. அடுத்த கீறல் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்ற முடிவு அதில் இருக்க வேண்டும். நெடுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் குறுக்குக் கோடு வைத்த அல்வியானியிடம் அந்த முடிவு இருந்தது. லிண்ட்பெர்கின் விமானத்தில் வட்டங்களை அடுக்கிய தொழிலாளியிடம் ஒழுங்கும் திறமையும் இருந்தன. முடிவு செய்யும் உரிமை இருக்கவில்லை. கலைக்கும் கைத்தொழிலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு திறமையில் இல்லை, அந்த உரிமையில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

இந்தக் கலையின் தனித்த துயரம், அதை அழிக்கப் பகைவர் தேவையில்லை என்பது. அக்கறையுள்ள ஒருவர் துணியும் மெருகுக் குழம்பும் எடுத்துக்கொண்டு நன்றாகத் துடைத்தால் போதும். எண்ணெய்ப் பசையுள்ள விரல் ஒன்று பட்டால் அதன் தடம் கீறல்களுக்குள் இறங்கிவிடும். அதை எடுக்க அழுத்தித் தேய்த்தால் புதிய கீறல்கள் பழைய திசையைக் கலைத்துவிடும். ஒரு முடியின் தடிமனுக்கும் குறைவான ஆழத்தில்தான் அந்த ஓவியம் முழுவதும் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் உலோகப் படைப்புகளைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதிவைத்திருப்பதைக் கண்டு, இரும்புக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நாம் நினைப்பதுண்டு. இரும்புக்கு எதுவும் ஆகாது. அதன்மேல் ஒரு கை நகர்ந்து சென்ற திசை மட்டும் காணாமல் போய்விடும். அந்தத் திசைதான் படைப்பு. மீதியெல்லாம், ஸ்மித் கோபத்தில் எழுதியதுபோல, எடைக்குப் போடவேண்டிய இரும்பு.